நிவர்த்தி அறிக்கை

ஊருக்கெல்லாம் வருடம் சித்திரையில் பிறக்கும், பள்ளிக்கூடத்துக்கு ஜூனில் பிறக்கும். தலைமையாசிரியருக்கு மட்டும் ஆண்டாய்வு முடிந்த மறுநாள்தான் பிறக்கும். அதிகாரி எழுதிவைத்துப் போன குறைகளை அன்றைக்கு வரிசை எண் போட்டு இடதுபக்கம் பிரதி எடுக்க வேண்டும். வலதுபக்கம் 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று தலைப்பிட்டு நிரப்ப வேண்டும். இதற்கு நிவர்த்தி அறிக்கை என்று பெயர். அடுத்த ஆண்டு வருகிறவர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவள். எங்கப்பா அதே வட்டாரத்தில் ஹையர் கிரேடு வாத்தியார். எட்டாவது தேறி, பயிற்சி முடித்து, அந்தக் காலத்து ஜில்லா போர்டு பள்ளியில் சேர்ந்தவர். அவருடைய தகரப்பெட்டியில் கிடந்த ஆய்வுக் குறிப்புகளையும் என் பீரோவில் இருக்கும் கோப்புகளையும் ஒரு மழைக்காலத்தில் வரிசையாக அடுக்கிப் படித்தேன். காகிதம் மாறியிருக்கிறது, தலைப்புகள் மாறியிருக்கின்றன, அதிகாரியின் பதவிப்பெயர் பலமுறை மாறியிருக்கிறது. மாறாமல் இருப்பது ஒன்றுதான்: வருகிறவர் எதை எண்ணுவார் என்று பள்ளிக்கூடத்துக்குத் தெரியும், பள்ளிக்கூடம் அதைத் தயார்செய்து வைக்கும்.

எண்ணுவது என்ற பழக்கத்தை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தவர் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களுக்கும் எழுதி, எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தெந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் கூட்டுத்தொகை இருக்கிறது: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்குழந்தைகள் 4,540. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். ஊரார் கொடுத்த நெல்லிலும் காசிலும் நடந்தவை. கணக்கெடுத்த மன்றோ ஜில்லாவுக்கு இரண்டு, தாசில்தாரின் எல்லைக்கு ஒன்று என்று பள்ளிகள் வைக்கத் திட்டமும் போட்டார். மறு ஆண்டே காலராவில் இறந்துபோனார். அவருடைய கணக்கில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும் என்ற கேள்வி இல்லை. திண்ணை வாத்தியாருக்கும் அந்தக் கணக்கால் தலைவலி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

தலைவலி பிற்பாடு வந்தது. 1854-இல் உட்ஸ் அறிக்கை வந்து, கல்வி இலாகா உருவாகி, ஆய்வாளர்கள் என்றொரு கூட்டம் வந்த பிறகு. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ என்பவர் ஒரு விதி கொண்டுவந்தார். ஆய்வாளர் பள்ளிக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய தலைக்குத் தகுந்தபடி மானியம். அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்கும் வந்து, அந்த நூற்றாண்டு முடியும்வரை உதவிபெறும் பள்ளிகளை ஆட்டிவைத்தது. 1882-இல் கூடிய ஹண்டர் கமிஷன்கூட தொடக்கப் பள்ளிகளுக்கு அது பொருத்தம்தான் என்றது.

ஆய்வு நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வாத்தியாரின் வருமானத்தில் ஓட்டை. மந்தமான பிள்ளையைச் சேர்த்தால் ஓட்டை. புத்தகத்தில் எந்தப் பக்கம் கேட்பார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கத்தை மனப்பாடமாக்கிவிடலாம்; புத்தகம் தலைகீழாக இருந்தாலும் பிள்ளை 'வாசிக்கும்'. இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கூலியைத் தேர்ச்சியோடு கட்டிப்போட்டால் தானாக நடக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கமே அந்த மானிய முறையைக் கைவிட்டது. ஆனால் ஆய்வு நாள் என்ற பயம் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஊறிவிட்டது. எனக்கு அந்தப் பயம் அப்பாவிடமிருந்து வந்தது; அப்பாவுக்கு அவருடைய வாத்தியாரிடமிருந்து வந்திருக்கும்.

1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. தாலுகா போர்டுகளும் ஜில்லா போர்டுகளும் பள்ளி நடத்தின. எட்டாம் வகுப்புவரை இருந்த பள்ளிக்கு அப்போது ஹையர் எலிமெண்டரி ஸ்கூல் என்று பெயர். எட்டாவது முடிவில் இ.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு. ஊரில் 'எட்டாப்பு பாஸ்' என்றால் தபால்காரரும் மரியாதையாகப் பேசுவார். அந்த ஒரு தேர்வின் தேர்ச்சி விகிதம்தான் அப்பாவின் பள்ளிக்கு நெடுங்காலம் ஆண்டு இலக்காக இருந்தது. தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனை ஏழாவதிலேயே நிறுத்திவைப்பது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். அப்பாவும் நிறுத்தியிருக்கிறார். அதில் தப்பிருப்பதாக அவர் கடைசிவரை நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் நின்று சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அவருடைய கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு. 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் அது அரசுச் செலவாக இல்லை. ஊராரின் பிடி அரிசியும் பருப்பும்தான். அதிலிருந்து முளைத்ததுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூர்ப் பகுதியில் சோதனையாக ஆரம்பித்து, பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. சுந்தரவடிவேலு தம் 'நினைவு அலைகள்' நூலில் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

வேலை நடந்த விதம் இதுதான். வாத்தியார்களும் டெபுடி இன்ஸ்பெக்டரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, இந்தப் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று பட்டியல் போடுவார்கள். எதிரே உத்தேசச் செலவு. எதை யார் தருகிறார்கள் என்று ஊரார் ஒப்புக்கொள்வார்கள். தந்து முடித்த பிறகுதான் மாநாடு. மந்திரியோ இயக்குநரோ வருவார். எந்தப் பள்ளி எதை முடித்தது என்று மேடையில் வாசிப்பார்கள்.

அப்பாவின் பெட்டியில் அவர் பள்ளிப் பட்டியலின் கைப்பிரதி இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தல். கரும்பலகை நான்கு. குடிநீர்ப் பானையும் மூடியும். சுவர்க் கடிகாரம் ஒன்று. பின்பக்கம் மூங்கில் வேலி. ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி. உலகப் படம். அப்பா சொல்வார், கடிகாரத்தை நெல் மில் முதலாளி கொடுத்தாராம்; வேலிக்கு மூங்கிலைக் கொடுத்தவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றாராம்; உலகப் படத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் வாத்தியார்கள் நாலணா எட்டணாவாகப் போட்டு வாங்கினார்களாம். ஒரு நடுநிலைப்பள்ளி தனக்கு என்ன குறை என்று தன் வாயால் சொல்லி, அதற்கு ஒரு வருடக் கெடு வைத்துக்கொண்டு, ஊர் முன்னால் கணக்குக் காட்டியது இந்த மாநிலத்தில் அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு அது பொற்காலம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பட்டியலில் இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். 'ஐந்தாவது பையன் கழித்தல் கணக்குப் போட வேண்டும்' என்று அதில் வரி இல்லை. கொடுத்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். கொடுக்க வழியில்லாத தெருக்காரர்கள் பந்தலுக்கு வெளியே நின்றார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா சொன்னதை அப்பா மறுத்ததில்லை, வேறு பேச்சுக்குப் போய்விடுவார். இருந்தாலும் அந்தக் கரும்பலகைகளில் ஒன்றில் நானே படித்திருக்கிறேன். விளிம்பில் ஆணி தூக்கிக்கொண்டிருக்கும், சாக்பீஸ் வழுக்காமல் பிடிக்கும்.

ஊராட்சி ஒன்றியங்கள் 1960 முதல் உருவானபோது ஜில்லா போர்டு பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. சம்பளத்துக்கு ஒன்றிய அலுவலகத்தில் நிற்கிற காலம். 1981 ஜூனில் நாங்கள் அரசு ஊழியர்களானோம். நான் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தது அதற்குச் சற்றுப் பின்னால். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982-இல் தொடங்கி, 1984-இல் 15 வயதுவரை நீண்டது. நடுநிலைப்பள்ளிக்கு அந்த இரண்டாவது சங்கதிதான் முக்கியம்: ஆறு, ஏழு, எட்டுப் பிள்ளைகளும் தட்டெடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் வராதவர் குறி குறைந்தது. கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து நடவு ஆரம்பித்தால் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். சத்துணவு வந்தபின் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வருகைச் சதவீத இலக்கை எட்டியது அந்தத் தம்பிகளால்தான் என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

அந்தக் காலத்து ஆண்டாய்வை விவரித்தால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வாரம் முன்பே தேதி வந்துவிடும். சுவர் ஒட்டடை, தோட்டத்தில் செம்மண் கரை, சேர்க்கை நீக்கப் பதிவேட்டுக்குப் புது அட்டை. பாடக்குறிப்பு, பணிமுடிப்புப் பதிவேடு, தளவாடச் சாமான் பதிவேடு எல்லாவற்றிலும் விட்டுப்போன கையெழுத்தை ராத்திரி விளக்கில் உட்கார்ந்து போடுவோம். ஏ.இ.ஓ. என்கிற உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் காலையில் வழிபாட்டுக் கூட்டத்துக்கே வந்து நிற்பார். அப்புறம் வகுப்பு வகுப்பாக வாசிப்பு, சொல்வதெழுதுதல், மனக்கணக்கு. கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்பெஞ்சில் வைப்போம். கெட்டிக்கார அதிகாரி பின்பெஞ்சுக்குப் போவார்.

அப்படி ஒருவர் எங்களுக்கு வாய்த்தார். பதிவேட்டைத் தொடவே மாட்டார். ஏழாம் வகுப்பில் கடைசியாக உட்கார்ந்திருக்கிற மூன்று பேரை மரத்தடிக்குக் கூட்டிப்போய், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். மதியம் சத்துணவுக் கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து அந்த மூன்று பேரைப் பற்றி மட்டும் பேசுவார். "டீச்சர், அவனுக்கு 'ற'வும் 'ர'வும் பிரச்சினையில்லை, கண்ணு தெரியலை, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்று ஒருமுறை சொன்னார். கண்ணாடி போட்டபின் பையன் வாசித்தான். அந்த ஆண்டு அவர் எழுதிய அறிக்கை அரைப்பக்கம். அதற்கு நிவர்த்தி எழுதுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் குறை எல்லாம் பெயரோடு இருந்தது.

மற்ற அறிக்கைகள் சுலபம். 'சுற்றுச்சுவர் இல்லை' என்பது எங்கள் பள்ளியின் நிரந்தரக் குறை. 'மேலிடத்துக்கு எழுதப்பட்டுள்ளது' என்பது நிரந்தர நிவர்த்தி. இரண்டும் சேர்ந்தே வயதாயின.

தொண்ணூறுகளில் காற்று மாறியது. 1986-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு கரும்பலகைத் திட்டம் வந்தது. பிறகு 'குறைந்தபட்சக் கற்றல் அளவு' என்று எந்த வகுப்பில் எதைத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் வந்தது. மறுபடியும் சாமானை விட்டுப் பிள்ளையை எண்ணத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து அனைவருக்கும் கல்வி இயக்கம். வட்டார வள மையம், குறுவள மையம், பயிற்சிக்கு மேல் பயிற்சி. பணமும் வந்தது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கற்பித்தல் பொருள் வாங்க. பள்ளி மானியமாகத் தொடக்கநிலைக்கு 5,000, உயர்தொடக்க நிலைக்கு 7,000. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் இரண்டையும் தனித்தனிப் பள்ளியாக எண்ணினார்கள் என்பதால் நடுநிலைப்பள்ளிக்கு இரண்டும் கிடைத்தன. இரண்டுக்கும் தனித்தனி ரசீதுக் கோப்பு. ஒன்றில் துடைப்பம், மற்றதில் துடைப்பக் கைப்பிடி என்று நாங்கள் கேலி பேசுவோம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுவதும் கீழ்வகுப்புகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். மேல்வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி: படித்துவிட்டு மனவரைபடம் போட வேண்டும். பின்பெஞ்சு என்ற ஒன்றே இல்லாமல் போனது எனக்குப் பிடித்தது. மனவரைபடத்தின் எண்ணிக்கையே இலக்காகிப் போனது பிடிக்கவில்லை. நோட்டில் இத்தனை படம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து அழகாக வரைந்து வைத்தார்கள். தலைகீழ்ப் புத்தகத்தை வாசித்த பிள்ளைகளின் கொள்ளுப்பேரன்கள்தானே.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது பழைய பட்டியல் புது உடுப்பில் திரும்பி வந்தது. பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும்; அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு மூன்று ஆண்டுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும்; அதற்குள் ஆண்டுவாரியாக மூன்று உட்திட்டம். ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர் தேவை, என்ன கட்டடம், என்ன செலவு. 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதும், 100 பிள்ளைக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

எங்கள் முதல் கூட்டத்துக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் நூறுநாள் வேலையிலிருந்து நேராக வந்தார்கள். படிவத்தை நான் உரக்க வாசித்தேன். கற்றல் அடைவு, மாணவர் தக்கவைப்பு என்று வந்தபோது எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க பெரிய டீச்சர். கக்கூசுக்குத் தாப்பாள் போட்டுக் குடுங்க. எட்டாப்பு புள்ளைங்க ஒருத்தி வெளிய காவல் நிக்கிறா, ஒருத்தி உள்ள போறா. அப்பறம் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் போமாட்டேங்குது" என்றார். மாணவர் தக்கவைப்பு என்ற தலைப்பின் கீழ் தாழ்ப்பாள் என்று எழுதினேன். கூட்டத் தீர்மானத்தைப் பார்வையிட்ட ஓர் அலுவலர் அதை உட்கட்டமைப்புக்குக் கீழே மாற்றச் சொன்னார். மாற்றினேன். தாழ்ப்பாள் அதற்கு முன்னாலேயே போட்டாகிவிட்டது. கடையில் சொற்ப விலைதான்.

அந்த அம்மா கொடுத்தது போன்ற பட்டியலைத்தான் பள்ளிச் சீரமைப்பு நாட்களில் அப்பாவின் ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். அன்றைக்குப் பந்தலுக்கு வெளியே நின்றவர்களின் பேத்திகள் இன்றைக்குக் குழுவின் தலைவியாக உட்கார முடிகிறது. இந்த ஒன்றுக்காக அந்தச் சட்டத்தின் மற்ற படிவங்களை எல்லாம் மன்னிப்பேன்.

2012-13-இல் முப்பருவ முறை வந்து புத்தகப் பை இளைத்தது; மதிப்பெண்கள் வளரறி, தொகுத்தறி என்று பிரிந்தன. எட்டாவதுவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று ஆனபின் இ.எஸ்.எல்.சி. காலத்துத் தேர்ச்சி விகிதம் அர்த்தமிழந்தது. 2019-இல் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் வட்டாரத்தில் பயிற்சிக் கையேடு விற்றவர்களைத் தவிர யாரும் நிம்மதியாக இல்லை. விகிதம் போன இடத்தில் என்.எம்.எம்.எஸ். தேர்வு வந்து உட்கார்ந்தது. எட்டாவது பிள்ளைகள் எழுதி வென்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. ஒரு பள்ளியில் நான்கு பேர் வென்றால் வாசலில் பதாகை. நானும் கட்டினேன். பதாகையில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி அதிகாரி கேட்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் கடைசிப் பத்தாண்டில் எங்களை உண்மையாகவே தூங்கவிடாத எண் இவற்றில் எதுவுமில்லை. ஆகஸ்ட் முதல் தேதியின் மாணவர் எண்ணிக்கை. அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம். நான்கு பிள்ளைகள் குறைந்தால் கணக்கு டீச்சர் 'உபரி'யாகி வேறு ஊர் போவார். காலை ஏழரைக்கு மெட்ரிக் பள்ளி வேன்கள் ஊருக்குள் வரும் முன்பே மே மாதத்தில் நாங்கள் வீடு வீடாகப் போனோம். 2022 செப்டம்பரில் காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்துவரை தொடங்கியபோது எங்களைப் போன்ற நடுநிலைப்பள்ளிகளில் ஒரு விசித்திரம். தங்கை உப்புமா சாப்பிடுவாள், ஆறாவது படிக்கிற அக்கா தூணோரம் நின்று பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மீதமிருந்தால் சமையல் அக்கா கூப்பிட்டுக் கொடுப்பார். படிவத்தில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம், ஒதுக்கவில்லை.

ஏ.இ.ஓ. 2018-இல் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். பதிவேடுகள் எமிஸ் செயலிக்குள் போய்விட்டன. அவர் வாகனத்திலிருந்து இறங்கும் முன்பே எங்கள் வருகைச் சதவீதம் அவர் கையில் இருக்கும். அதனால் பள்ளிக்கு வரும்போது வகுப்புக்குப் போக அவருக்கு நேரம் மிச்சமாகும் என்று நம்பினேன். அந்த நேரத்தில் அவர் செயலியில் ஏறாத பள்ளிகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். குறை அவருடையதில்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவரை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

2025-இல் 6 முதல் 9 வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் தடுமாறுகிற பிள்ளைகளுக்கென்று 'திறன்' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். மரத்தடியில் மூன்று பேரை உட்காரவைத்த அந்த அதிகாரி கேட்டால் சந்தோஷப்படுவார். என்னிடம் உதவி ஆசிரியையாக இருந்து இப்போது தலைமையாசிரியராகிவிட்ட ஒரு பெண் போன வாரம் போன் செய்தாள்.

"டீச்சர், மேம்பாட்டுத் திட்டத்துல ஆறாவதுக்கு வாசிப்பு இலக்கு கேக்குறாங்க. முதல் வருஷம் அறுபது சதவீதம் போடட்டுமா, எழுபது போடட்டுமா?"

"இப்ப எத்தனை பேரு வாசிக்கிறாங்க?"

"அது இனிமேதான் பாக்கணும்."

ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொல், இரண்டு நாளில் முடிந்துவிடும், அதற்கப்புறம் எண் போடு என்றேன். அடுத்த ஜூன் முதல் வாரத்தில் செய்கிறேன் என்றவள், உடனே, அந்த வாரம் சேர்க்கை விவரம் ஏற்ற வேண்டுமே என்றாள். அப்படியானால் இரண்டாவது வாரம் வைத்துக்கொள், அறிக்கையில் மட்டும் எழுதாதே, பெயர்களை உன் நோட்டில் எழுதி வை என்று சொன்னேன்.